கூடத்திலிருந்து திரைக்கு: மேடைக் குடும்ப நாடகத்தைப் படமாக்கப் புறப்படும் புதியவர்களுக்கு

மேடை நாடகத்தைப் படமாக்க நினைக்கும் புதியவர்களுக்கு எல்லோரும் முதலில் சொல்லும் அறிவுரை, 'கதையை வீட்டை விட்டு வெளியே கொண்டுவா' என்பதுதான். நாடகம் ஒரே கூடத்தில் நடக்கிறது. படத்தில் கடற்கரை வேண்டும், கோயில் வேண்டும், ரயில் நிலையம் வேண்டும் என்பார்கள். குடும்ப நாடகத்துக்கு இதைவிடக் கெடுதலான அறிவுரை கிடையாது என்பது என் உறுதியான கருத்து. குடும்ப நாடகத்தின் விசையே அங்கிருந்து யாரும் எழுந்து போய்விட முடியாது என்பதில்தான் இருக்கிறது. பகலில் அப்பாவை எதிர்த்துப் பேசிய மகன் இரவில் அதே கூரையின் கீழ் படுக்க வேண்டும்; அதே அடுக்களையில் வெந்த சோற்றைச் சாப்பிட வேண்டும். அவனைக் கடற்கரைக்கு அழைத்துப் போய்ப் புலம்ப வைத்தால் அந்த இறுக்கம் தளர்ந்துவிடும்.

வெளியே ஓடுவதை விட்டுவிட்டு, மேடை காட்டாத உள்ளறைகளுக்குள் கேமராவைக் கொண்டுபோக வேண்டும். தமிழில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. கே. பாலசந்தர் முதன்முதலில் இயக்கிய 'நீர்க்குமிழி' (1965) அவருடைய மேடை நாடகமே. படம் மருத்துவமனையை விட்டு வெளியேறத் தவிக்கவில்லை. அவருடைய இன்னொரு நாடகத்திலிருந்து வந்த 'எதிர்நீச்சல்' (1968) ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டையே உலகமாக்கிக்கொண்டது. சிவாஜி கணேசன் மேடையில் நடித்துப் பிறகு திரையிலும் நடித்த 'வியட்நாம் வீடு' (1970), தலைப்பிலேயே வீட்டைச் சுமந்துகொண்டிருக்கிறது. இந்த வழியில் போக விரும்புகிறவர்கள் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போகிறேன்.

உரிமை கையில் வராமல் எழுத உட்காராதீர்கள்

நாடகத்தை நடத்தும் குழு வேறாகவும் எழுதியவர் வேறாகவும் இருக்கலாம். குழுவின் செயலாளர் மகிழ்ச்சியோடு 'தாராளமாக எடுங்கள்' என்று சொல்வார். அந்த வார்த்தை போதாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி நாடகத்தைத் திரைப்படமாக்கும் உரிமை பொதுவாக எழுதியவருக்கே முதலில் உரியது. அவர் எழுத்து மூலம் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் அது உங்களிடம் வரும். அவர் காலமாகியிருந்தால், மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் வரை உரிமை வாரிசுகளிடம் இருக்கும். வாரிசுகள் பலர் என்றால் எல்லோரும் கையெழுத்திடட்டும். ஒருவர் விடுபட்டாலும் பட வெளியீட்டுக்கு முந்தைய வாரம் அவர் நீதிமன்றப் படியேறலாம்.

காலம் கடந்த நாடகங்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். பம்மல் சம்பந்த முதலியார் 1964இல் மறைந்தார். கணக்குப்படி அவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நாடகங்கள் 2025 முதல் எல்லோருக்கும் பொது. ஆனால் மூலப் பிரதியிலிருந்துதான் நீங்கள் வேலை செய்ய வேண்டும். அதே நாடகத்தைப் பின்னால் ஒருவர் மாற்றி எழுதியிருந்தால், அவர் சேர்த்த வசனத்துக்கும் காட்சிக்கும் தனி உரிமை உண்டு.

ஒப்பந்தத்தில் புதியவர்கள் விட்டுவிடும் சில வரிகளைப் பற்றி எச்சரிக்க வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு உரிமை என்று எழுதாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று கொள்ளும். வேறுவிதமாகக் குறிப்பிடாத வரை, வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும். பணம் திரட்டவே ஓராண்டுக்கு மேல் ஆகும் தொழில் இது. ஆகவே இந்த மூன்றையும் தெளிவாக எழுதிவிடுங்கள். மொழிமாற்றம், மறு ஆக்கம், இணையத் தொடர் ஆகியவை இதில் அடங்குமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். 'இதற்கு முன் சினிமாவுக்கோ தொலைக்காட்சிக்கோ யாருக்கும் எழுதிக்கொடுக்கவில்லை' என்ற உறுதிமொழி ஒரு வரியாக இருக்கட்டும். பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

உரிமையை விற்றுவிட்ட பிறகும், தன் படைப்பு தன் பெயருக்குக் களங்கம் வரும்படி சிதைக்கப்பட்டால் தட்டிக்கேட்கும் உரிமை ஆசிரியரிடமே இருக்கிறது. நாடகாசிரியரைத் தொடக்கத்திலிருந்தே பக்கத்தில் வைத்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம். அவரைவிட அந்தக் குடும்பத்தை நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை என்பது இன்னும் பெரிய காரணம்.

நாடகத்தைப் பார்க்கும்போது மேடையை மட்டும் பார்க்காதீர்கள்

நாடகம் இன்னும் நடந்துகொண்டிருந்தால் ஒரு முறைக்கு மேல் போய்ப் பாருங்கள். முதல் முறை சாதாரணமாகப் பாருங்கள். அடுத்த முறை பிரதியின் நகலோடு பக்கவாட்டு இருக்கையில் உட்கார்ந்து பார்வையாளர்களைக் கவனியுங்கள். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே கைதட்டுகிறார்கள், எங்கே இருமுகிறார்கள், எங்கே நாற்காலி கிறீச்சிடுகிறது என்று பிரதியின் ஓரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கைதட்டலைவிட முக்கியமானது அமைதி. ஒருவர் பேசி முடித்து அடுத்தவர் வாய் திறப்பதற்குள் அரங்கம் உறைந்து நிற்கும் இடங்கள் எந்த நாடகத்திலும் இரண்டு மூன்றுதான் இருக்கும். படத்தின் தூண்கள் அவைதான். கைதட்டல் பெரும்பாலும் நடிகரின் குரலுக்கும் வேகத்துக்கும் கிடைப்பது. அது திரைக்கு வராமல் போகலாம். அமைதியோ கதையிலிருந்தே பிறப்பது.

பிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்து பிரதியைச் சத்தமில்லாமல் படியுங்கள். அரங்கில் குலுங்கக் குலுங்கச் சிரிக்க வைத்த பக்கம் தாளில் வெறுமையாக இருந்தால் அந்தச் சிரிப்பு நடிகருடையது. தாளிலும் சிரிப்பு வந்தால் எழுத்தாளருடையது. இரண்டையும் இரண்டு நிற மையில் குறித்தால் எதை நம்பி எடுத்துப் போகலாம் என்பது தெரிந்துவிடும்.

யாருடைய கண்வழியாகப் பார்க்கப் போகிறோம்

மேடையில் எல்லோரும் ஒரே தூரத்தில் நிற்கிறார்கள். யாரைப் பார்ப்பது என்பதைப் பார்வையாளரே தேர்ந்துகொள்கிறார். ஒருவர் அப்பாவைப் பார்க்கும்போது பக்கத்து இருக்கைக்காரர் மருமகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரையில் அந்தத் தேர்வை நீங்கள் செய்கிறீர்கள். ஆகவே திரைக்கதை எழுதுமுன் இது யாருடைய கதை என்று முடிவுசெய்தாக வேண்டும்.

குடும்ப நாடகத்தில் அதிகம் பேசுகிறவர் பெரும்பாலும் அப்பா. அதனால் கதையும் அவருடையது என்று எடுத்துக்கொள்வது இயல்பு. கொஞ்சம் பொறுங்கள். ஒரு தாளில் குடும்பத்தினர் எல்லோருடைய பெயரையும் எழுதி, ஒவ்வொருவருக்கும் எந்த உண்மை எந்தக் காட்சியில் தெரியவருகிறது என்று பக்கத்தில் குறியுங்கள். மகனின் கடன் அம்மாவுக்கு எப்போது தெரியும்? மகளின் காதல் அண்ணிக்கு எப்போது தெரியும்? அப்பாவின் நோய் யாருக்குத் தெரியாது? பல நாடகங்களில் எல்லா ரகசியமும் ஒருவரிடம் முதலில் வந்து சேர்வதைக் காண்பீர்கள். அம்மாவாகவோ மூத்த மருமகளாகவோ திருமணமாகாத அத்தையாகவோ அவர் இருப்பார். மேடையில் அவருக்கு வசனமே அதிகம் இருக்காது. எல்லாம் தெரிந்தும் பேச முடியாமல் நிற்கிறவரின் முகத்தை மேடை பின்வரிசைக்குக் காட்ட முடியாது; குளோசப்பில் நீங்கள் காட்டலாம். அந்த முகத்தைக் கண்டுபிடித்துவிட்டால் படத்தில் பாதி கைக்கு வந்துவிட்டது.

வீட்டை வரையுங்கள்

மேடைக் கூடத்தில் வழக்கமாக இரண்டு மூன்று வாசல்கள் இருக்கும். ஒன்று தெருவுக்கு, ஒன்று அடுக்களைக்கு, ஒன்று மாடிக்கோ உள்ளறைக்கோ. அவற்றுக்கு அப்பால் ஒன்றும் கிடையாது. தட்டிக்குப் பின்னால் நடிகர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் படம் அந்த அப்பாலில்தான் பிறக்கிறது.

ஒரு பெரிய தாளில் வீட்டின் வரைபடத்தைப் போடுங்கள். யார் எந்த அறையில் தூங்குகிறார்கள்? கூடத்தில் பேசினால் எந்த அறை வரை கேட்கும்? அடுக்களையில் நின்றால் தெருக்கதவு தெரியுமா? குளியலறைக்குப் போக யார் யாரைத் தாண்ட வேண்டும்? அழ வேண்டுமென்றால் இந்த வீட்டில் எங்கே போய் அழலாம்? கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை வரைபடத்தை விடாதீர்கள். கூட்டுக் குடும்பத்தில் தனியாக அழ இடமில்லாத ஒருவர் நிச்சயம் இருப்பார். அவர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாரா, மாடிக்குத் துணி எடுக்கப் போவாரா என்பதெல்லாம் நாடகத்தில் இல்லாத, ஆனால் நாடகத்துக்கே உரிய காட்சிகள்.

'எதிர்நீச்சல்' படத்தின் நாயகன் மாது மாடிப்படிக்குக் கீழே வசிக்கிறான். எல்லோரும் அவன் தலைக்கு மேல்தான் ஏறி இறங்குகிறார்கள்; அவன் நிலையை விளக்க வேறு வசனம் தேவையில்லை. அதே வீட்டில் ஒரு தாத்தாவின் இருமல் மட்டும் கேட்கும்; ஆள் தெரியமாட்டார். 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தில் அப்பாவுக்கும் மூத்த மகனுக்கும் பிளவு வந்ததும் வீட்டின் குறுக்கே ஒரு கோடு விழுகிறது. அதன் பிறகு ஒரு டம்ளரை எடுக்கக் கோட்டைத் தாண்டுவதுகூடக் காட்சியாகிவிடும்.

இந்தக் கடைசிப் படத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதன் மூலம் விசுவின் 'உறவுக்குக் கை கொடுப்போம்' என்ற நாடகம். அதே பெயரில் 1975இல் அது ஒருமுறை படமாகி, ஓடவில்லை. பதினோரு ஆண்டு கழித்து விசுவே ஏவி.எம். நிறுவனத்துக்காக மறுபடி எடுத்தபோது, மனோரமா நடித்த வேலைக்காரப் பெண் கண்ணம்மா போன்ற பாத்திரத்துக்கு இடம் கொடுத்து, கதையின் கனத்தைத் தாங்கும் சிரிப்பைச் சேர்த்தார். படம் பெருவெற்றி பெற்று, நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதையும் வாங்கியது. குடும்பத்துக்குள்ளேயே இருந்தும் குடும்பத்தில் ஒருவராக இல்லாத ஒருவர் வந்ததும், மற்றவர்களால் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு வாய் கிடைத்துவிட்டது. புதுப் பாத்திரம் சேர்ப்பதானால் அப்படிப்பட்டவரைச் சேருங்கள். கதாநாயகனின் நண்பன் என்று டீக்கடையில் ஒருவரை உட்கார வைப்பதில் பயன் இல்லை.

வசனத்தில் கை வைப்பது

இங்கேதான் நாள்கள் போகும், போகட்டும். மேடை வசனத்தைப் பிரித்துப் பார்த்தால் அதில் பல வேலைகள் ஒன்றாகக் கலந்திருக்கும்.

தகவல் சொல்லும் வசனம் ஒன்று. 'வாடா சேகர்! பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் கழித்து இப்போதுதான் வீட்டு ஞாபகம் வந்ததா?' என்று அம்மா கேட்பாள். அம்மாவுக்கும் சேகருக்கும் தெரிந்த விஷயத்தைப் பார்வையாளருக்காகச் சொல்லும் வசனம் இது. திரையில் பெரும்பாலும் வேண்டாம். வாசலில் அவன் செருப்பை எங்கே விடுவது என்று ஒரு கணம் தடுமாறினால் மூன்று வருஷமும் வந்துவிடும்.

வெளியே நடந்ததை ஓடிவந்து சொல்லும் வசனம் இன்னொன்று. 'அப்பா, கல்யாணியைக் கோயில் வாசலில் பார்த்தேன்' என்று தம்பி மூச்சிரைக்கச் சொல்வான். புதியவர்கள் உடனே கோயில் வாசலை எடுக்கப் போய்விடுவார்கள். அவசரப்படாதீர்கள். நடந்ததைக் காண்பது முக்கியமா, அதைக் கேட்ட வீட்டின் முகங்களைக் காண்பது முக்கியமா என்று கேளுங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் குடும்பக் கதை.

பிறகு கைதட்டல் வசனம். இதற்கு ஓர் உதாரணத்தையே எடுத்துப் பார்ப்போம். ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ராமலிங்கம். மூத்த மகன் வீட்டை விற்கச் சொல்கிறான். மேடைப் பிரதி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

ராமலிங்கம்: இந்த வீட்டைச் செங்கல் செங்கலாகக் கட்டியவன் நான்! உன் அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கிணறு வெட்டினேன். நீ பிறந்த வருஷம் மாடிக்கு ஓடு போட்டேன். மழைக்காலத்தில் நீங்கள் நனையக் கூடாது என்று நான் நனைந்தேன். இன்றைக்கு இதை விற்கச் சொல்கிறாயே, வீட்டை விற்கச் சொல்லவில்லை நீ, உன் அப்பனின் முதுகெலும்பை விற்கச் சொல்கிறாய்!

மேடையில் இது சரியான வசனம். குரல் படிப்படியாக ஏற இடம் தருகிறது. கடைசி வரியில் அரங்கம் எழும். இதை அப்படியே குளோசப்பில் எடுத்தால் பார்வையாளர் பின்னால் சாய்ந்துகொள்வார். பாதியாக வெட்டினாலும் பயன் இல்லை. பாதி உயரமுள்ள சத்தம்தான் கிடைக்கும். வசனத்துக்குள் இருக்கும் பொருள்களை எடுத்துப் படத்தின் முன்பகுதியில் விதைப்பதே வழி. ஐந்தாவது காட்சியில் ராமலிங்கம் பேத்திக்குக் கிணற்றுத் தண்ணீர் இறைத்துக் கொடுக்கிறார். 'இந்தக் கிணறு பாட்டியுடைய வளையல்' என்கிறார். குழந்தைக்குப் புரியவில்லை, நமக்குப் புரிகிறது. பாட்டியின் வெறுங்கையை அடுத்த சில காட்சிகளில் போகிறபோக்கில் பார்க்கிறோம். இப்போது விற்பனைக் காட்சிக்கு வாருங்கள்:

கூடம். மாலை. மகன் தரகர் கொடுத்த தாளை மேசைமீது வைக்கிறான். ராமலிங்கம் கண்ணாடியைத் தேடுகிறார். மருமகள் எடுத்துக் கொடுக்கிறாள். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் படிக்கிறார். மெதுவாகப் படிக்கிறார். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நிற்கிறது.

ராமலிங்கம்: கிணற்றையும் சேர்த்தா?

மகன்: எல்லாம் சேர்த்துத்தான் அப்பா. கிணறு மட்டும் தனியாக எப்படி...

அடுக்களை வாசலில் அம்மா. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிற்கிறாள்.

பன்னிரண்டு விநாடிகூட ஆகாத பேச்சு இது. வசனத்தின் எந்தத் தகவலும் வீணாகவில்லை. எல்லாம் வேறு இடத்தில் முன்பே வந்துவிட்டன. மேடை வசனத்தைத் திரைக்கு மாற்றுவது என்றால் பெரும்பாலும் இதுதான்.

எல்லா நீண்ட வசனத்தையும் இப்படிக் கலைத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இருபது ஆண்டு வாயை மூடிக்கொண்டிருந்தவர் ஒருநாள் பேசினால் அவரைப் பேச விடுங்கள். முழுப் பக்கம் பேசட்டும். எதை விட்டுவைக்கலாம், எதை வெட்டலாம் என்பதற்கு என் அளவுகோல் எளிது. பேசி முடித்த பிறகு அந்த வீட்டில் ஏதாவது மாறிவிடுகிறதா? மாறினால் வசனம் நிற்கட்டும். பேசியவரின் பெருமை மட்டும் கூடுகிறது என்றால் எடுத்துவிடுங்கள்.

பார்வையாளரை நோக்கித் தனியாகப் பேசும் வசனங்களுக்கு இரங்க வேண்டாம். அவற்றைப் பின்னணிக் குரலாக மாற்றுவதும் பெரும்பாலும் சோம்பல்தான்.

ஒன்லைன்

நாடகம் சில நீண்ட காட்சிகளால் ஆனது; விளக்கணைந்து எரிந்தால் ஆறு மாதம் போயிருக்கும். படமோ பல சிறிய காட்சிகளால் ஆனது. ஒன்லைன், அதாவது காட்சிக்கு ஓரிரு வரியாக எழுதும் வரிசைப் பட்டியல், போடும்போது ஒவ்வொரு நாடகக் காட்சியையும் எடுத்து, உள்ளே எத்தனை திருப்பம் இருக்கிறது என்று எண்ணுங்கள். அரைமணி நேரக் காட்சிக்குள் நான்கு திருப்பம் இருந்தால், நான்கையும் ஒரே மூச்சில் நடத்த வேண்டுமா, இரண்டை முந்தைய இரவுக்கும் ஒன்றை அடுத்த காலைக்கும் மாற்றலாமா என்று பாருங்கள். மேடையில் வசதிக்காக எல்லோரும் ஒரே நேரத்தில் கூடத்தில் இருப்பார்கள். திரையில் அதற்குக் காரணம் வேண்டும்: மின்வெட்டு, திவசம், பெண் பார்க்க வருகை, பரீட்சை முடிவு.

விளக்கணைப்பில் மறைந்த ஆறு மாதத்தையும் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். நாடகம் தாண்டிப்போன இடத்தில்தான் சில நேரம் படத்தின் அழகான பகுதி ஒளிந்திருக்கும். உச்சமான மோதலை மட்டும் துண்டாக்காதீர்கள். நாடகாசிரியர் அதைத் தடையில்லாமல் கொதிக்க விட்டிருப்பார். அந்தக் கொதிப்பை அணைக்க நமக்கு உரிமை இல்லை.

எழுதி முடித்த திரைக்கதையைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்துவைக்கலாம். பிற்காலத் தகராறில் இது ஒரு சான்றாக உதவும். நாடகத்தின் மீதான உரிமைக்கு அது மாற்று ஆகாது.

மேடை நடிகர்களை வைத்துக்கொள்வதா

ஆண்டுக்கணக்காக அந்தப் பாத்திரத்தை நடித்தவர்களைவிட நன்றாக யார் செய்துவிடுவார்கள் என்று தோன்றும். அவர்களிடம் விலைமதிப்பற்ற ஒன்று இருக்கிறது: அந்தக் குடும்பத்தின் பழக்கம். யார் யாரிடம் எவ்வளவு தள்ளி நிற்பார்கள் என்பது அவர்கள் உடம்பிலேயே இருக்கிறது. ஆனால் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய குரலும், சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து பேசும் தாளமும் கூடவே வரும்.

முடிவெடுக்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். சாதாரண வீட்டின் சமையலறையில் அவரை நிற்க வைத்து, ஒரு முக்கிய வசனத்தைக் கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் மட்டும் சொல்லச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பிறகு அதே காட்சியில் வசனமே இல்லாமல் எதிராளி பேசுவதைக் கேட்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இரண்டாவது பதிவில் அவர் உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். தன் முறை வருவதற்காகக் காத்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஒத்திகை தேவை.

ஒத்திகையை, முடிந்தால், படம் எடுக்கும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சும்மா ஒரு பகல் முழுக்க அங்கே சமைத்துச் சாப்பிட்டு, மதியம் படுத்து எழுந்தாலே போதும். எந்தக் கதவு ஒட்டிக்கொள்ளும், எந்த நாற்காலி யாருடையது என்பது தானாக வந்துவிடும்.

படப்பிடிப்பு

மேடை நடிகருக்கு அழுகை வரிசையாக வரும். படப்பிடிப்பில் கடைசிச் சண்டையை முதல் நாளும் முதல் சந்திப்பைப் பத்தாம் நாளும் எடுக்க நேரும். ஒவ்வொரு காட்சிக்கும் ஒவ்வொருவரும் எந்த மனநிலையில் நுழைந்து எதில் வெளியேறுகிறார்கள் என்று ஓர் அட்டவணை போட்டு, உதவி இயக்குநரிடம் கொடுத்துவிடுங்கள். கால்ஷீட்டும் செலவும் அனுமதித்தால், ஒரே வீட்டில் எடுக்கும் படத்தைக் கூடுமானவரை கதையின் வரிசையிலேயே எடுங்கள். இடமாற்றமே இல்லாத படத்துக்கு அது கிடைக்கக்கூடிய சலுகை.

ஒரே வீடு பார்வையாளருக்கு அலுக்காதா என்ற பயம் எல்லோருக்கும் வரும். சிட்னி லூமெட் இயக்கிய '12 ஆங்ரி மென்' (1957) அநேகமாக முழுவதும் ஒரே அறையில் நடக்கிறது. முதல் பகுதியில் கேமராவைக் கண்மட்டத்துக்கு மேலே வைத்தார். நடுவில் கண்மட்டத்துக்கு இறக்கினார். கடைசியில் அதற்கும் கீழே கொண்டுவந்தார். லென்சையும் படிப்படியாக நீளமானதாக மாற்றிக்கொண்டே போனார். அதனால் சுவர்கள் நெருங்கி வருவது போலவும், கடைசியில் கூரையே கவிவது போலவும் ஆயிற்று. பார்க்கிறவர் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் மூச்சு முட்டுகிறது. உங்கள் படத்துக்கும் இப்படி ஒரு திட்டத்தை ஒளிப்பதிவாளரோடு உட்கார்ந்து முன்கூட்டியே போடுங்கள். வீடு படத்தின் போக்கில் சுருங்குகிறதா, காலியாகிறதா, இருளுகிறதா?

சாப்பாட்டுக் காட்சியைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்ப நாடகம் எதிலும் அது தப்பாது. ஏழு பேர் உட்கார்ந்திருந்தால் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்ற குழப்பம் கட்டாயம் வரும். முக்கியமான இருவருக்கு நடுவே ஒரு கற்பனைக் கோட்டைப் போட்டு, கேமராவை அதன் ஒரே பக்கத்தில் வையுங்கள். முழுக் காட்சியையும் மாஸ்டர் ஷாட்டாக ஒருமுறை எடுத்துவிட்டு, அடுத்து, பேசுகிறவர்களின் முகங்களுக்கு முன்பாகக் கேட்கிறவர்களின் முகங்களை எடுங்கள். நாளின் முடிவில் நேரம் போதாமல் விடுபடுவது எப்போதும் கேட்கிறவர்களின் முகம்தான். எடிட்டர் தேடப்போவதும் அதையேதான்.

ஒலியைப் படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாகப் பதிவு செய்ய முடிந்தால் செய்யுங்கள். வீட்டுச் சண்டையில் யாரும் ஒருவர் முடிக்கும்வரை காத்திருப்பதில்லை. குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும். டப்பிங்கில் அந்தச் சிக்கலை மீண்டும் கொண்டுவருவது கடினம். முடியாது என்றால், காட்சி எடுத்த அன்றே நடிகர்களை அதே அறையில் வைத்து வசனத்தைக் கேமரா இல்லாமல் ஒருமுறை பதிவு செய்துகொள்ளுங்கள்.

எடிட்டிங்கில் கவனிக்க வேண்டியது

முதல் தொகுப்பைச் சத்தத்தை முழுவதும் அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். யார் யாரிடம் கோபமாக இருக்கிறார்கள், யாருக்கு என்ன தெரியும் என்பது புரிகிறதா? புரியாத இடங்களில் நீங்கள் இன்னும் நாடகத்தையே பதிவு செய்துகொண்டிருக்கிறீர்கள். அங்கே கேட்கிறவர் முகத்துக்கு வெட்டிப் பாருங்கள்.

மேடையில் சிரிப்புக்காக விட்ட இடைவெளிகள் நடிகர்களின் பழக்கத்தால் படத்திலும் வந்திருக்கும், அவற்றை இறுக்குங்கள். ஆனால் சிரிப்புக்கு அடுத்த வரியில் முக்கியமான தகவலை வைத்திருந்தால், தியேட்டரில் அது கேட்காமலே போய்விடும். அந்தத் தகவலை இரண்டு வரி தள்ளி வையுங்கள். நாடகத்தின் இடைவேளையும் படத்தின் இடைவேளையும் ஒரே இடத்தில் வர வேண்டிய கட்டாயமில்லை. நீங்கள் குறித்துவைத்த அந்த இரண்டு மூன்று அமைதிகளில் ஒன்றை அங்கே வைக்கலாம். பின்னணி இசையை அந்த அமைதிகளின் மேல் போடச் சொல்லி யார் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

நாடகத்தின் முடிவில் எல்லோரும் மேடையில் வரிசையாக நின்று சமாதானமாகிறார்கள் என்றால், அது அரங்க வழக்கம். பார்வையாளருக்கு வணக்கம் சொல்ல எல்லோரும் வர வேண்டுமல்லவா. திரையில் எல்லோரும் மன்னித்துவிட வேண்டியதில்லை. கடைசிக் காட்சியில் யார் வீட்டில் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதை மட்டும் நேர்மையாக முடிவுசெய்யுங்கள். அதை நாடகாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முதல் தொகுப்பையும் மற்றவர்களுக்கு முன்பாக அவருக்குக் காட்டுங்கள். அவர் எதிர்க்கும் இடங்களில் பாதியாவது நீங்கள் கவனிக்கத் தவறிய இடமாக இருக்கும்.

டைட்டில் எழுதும்போது 'மூலக்கதை' என்று பெயரை மட்டும் போட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். நாடகத்தின் பெயர், எழுதியவர், அதை முதலில் மேடையேற்றிய குழு, முதலில் நடித்தவர்கள் ஆகிய எல்லாம் தனி அட்டையாக, படிக்கும் அளவுக்கு நேரம் நின்று வரட்டும். அந்த அட்டையின் வாசகத்தையும் அது எங்கே வரும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டால், கடைசி நேரத்தில் யாரும் அதை வெட்ட முடியாது.